பாவம் யார் கணக்கில்?

ஜப்பானின் ஒக்கயாமா மாநிலத்து மலைகளுக்கு நடுவே யுபாரா என்று ஒரு வெந்நீர் ஊற்று ஊர். அங்கே ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. அதில் குடிகொண்டிருப்பது புத்தரும் அல்ல, முன்னோர் யாரும் அல்ல. நான்கு கால் கொண்ட ஒரு நீர்ப்பிராணி. பெயர் ஹன்சாக்கி. ஜப்பானிய ராட்சச சலமாண்டரை அந்தப் பக்கத்து மக்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பார்வைக்குப் பல்லிச் சாதி போலத் தெரிந்தாலும் இது தவளைக்குத்தான் உறவு.

கதை 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடந்ததாகச் சொல்வார்கள். ஊரை ஒட்டிய ஆற்று மடுவில் முப்பது அடிக்கு மேல் நீளமான ஹன்சாக்கி ஒன்று கிடந்ததாம். கரைக்கு வரும் மாட்டையும் குதிரையையும் இழுத்துப்போய் விழுங்கிவிடுமாம். மியூரா ஹிக்கோஷிரோ என்ற இளைஞன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, குறுவாளோடு மடுவில் குதித்தான். அது அவனை விழுங்கிவிட்டது. அவன் அதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தான்.

வீரக் கதை என்றால் இந்த இடத்தில் முடிந்திருக்கும். யுபாராக் கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது. அதன்பின் ராத்திரியானால் ஹிக்கோஷிரோ வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். அழுகுரல் கேட்டது. திறந்து பார்த்தால் ஆள் இல்லை. கொஞ்ச நாளில் அவன் குடும்பமே அற்றுப்போயிற்று. ஊருக்கும் கெடுதல் வந்தது. சாமி குத்தம் என்று ஊரார் முடிவுகட்டி, செத்த பிராணிக்குக் கோயில் எடுத்தார்கள். இன்றைக்கும் ஆகஸ்ட் 8ஆம் தேதி ஹன்சாக்கி உருவில் ரதம் செய்து, ஊர்வலம் விட்டுத் திருவிழா எடுக்கிறார்கள்.

இதில் எவ்வளவு உண்மை என்று தோண்டுவதில் பயனில்லை. நிஜ ஹன்சாக்கி ஒன்றரை மீட்டருக்கு மேல் வளராது. அதன் சாப்பாடு நண்டு, மீன், தவளை. ஆனால் கதை போடும் கணக்கு கவனிக்க வேண்டியது. ஊர் நன்மைக்காகத்தான் கொன்றான். கொன்றவனை யாரும் குறை சொல்லவில்லை. இருந்தும் கடன் தீரவில்லை. அதுவும் சலமாண்டர் இனத்துக்குப் பட்ட கடன் அல்ல. அந்த மடுவில் கிடந்த அந்த ஒன்றுக்குப் பட்ட கடன்.

நானூறு ஆண்டு கழித்து, அதே நாடு அதே பிராணியை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறது.

முதலில் பிராணியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். காட்டு ஓடைகளின் குளிர்ந்த, ஓட்டமுள்ள நீரில்தான் இது வாழும். பாறைப் பழுப்பு நிறம், அதன்மேல் கறுப்புத் திட்டுகள். தட்டையான அகலத் தலை, அதில் பருக்கள் போல முண்டுகள். கண் என்று இருப்பவை இமையில்லாத இரண்டு சிறு புள்ளிகள். விலாவின் இருபுறமும் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியைத் தண்ணீரிலிருந்து அந்தத் தோல் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. பகலெல்லாம் பாறை இடுக்கில் கிடந்துவிட்டு ராத்திரி வேட்டைக்கு வரும். இரை வாயருகே வந்தால் போதும். வாயைத் திறக்கும் வேகத்தில் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும்.

ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் முட்டையிடும் காலம். கரையோரம் நீருக்குள் வாய் திறக்கும் ஒரு வளையைப் பெரிய ஆண் ஒன்று பிடித்துக்கொள்ளும். ஜப்பானிய ஆய்வாளர்கள் அதை வளையின் எஜமான் என்பார்கள். பெண்கள் உள்ளே வந்து மணி கோத்த சரம் போல நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். பிறகு எல்லாம் எஜமானின் பொறுப்பு. முட்டைக்குப் புது நீர் கிடைக்க வாலை ஆட்டி ஆட்டி விசிறுகிறது. பூசணம் பிடித்த முட்டைகளையும் செத்த முட்டைகளையும் தேடித் தேடித் தின்கிறது. தின்னாவிட்டால் நல்லவையும் கெட்டுவிடும். குஞ்சு பொரித்த பிறகும், அவை குளிர்காலம் முடிந்து வெளியேறும்வரை வளையை விட்டு அகலுவதில்லை. தன் பிள்ளையைத் தின்பதும் பிள்ளையைக் காப்பதும் இங்கே ஒரே வேலை. அறநூல் எழுதுகிறவர்கள் கொஞ்ச நேரம் இந்த வளை வாசலில் உட்கார்ந்திருக்கலாம்.

இத்தனை மதிப்புள்ள பிராணியை ஜப்பானியர் சாப்பிடவும் செய்தார்கள். சமையல் கலையிலும் மட்பாண்டக் கலையிலும் பேர்போன கிதாஓஜி ரோசான்ஜின் இதைச் சமைத்துச் சாப்பிட்ட அனுபவத்தை ரசித்து எழுதியிருக்கிறார். வெட்டும்போது ஜப்பானிய மிளகின் மணம் எழும் என்பது அவர் தரும் செய்தி. பஞ்ச காலத்தில் மலைக்கிராமத்து ஏழைக்கும் இது புரதம். 1952இல் அரசு இதைச் ‘சிறப்பு இயற்கை நினைவுச்சின்னம்’ என்று அறிவித்ததும் சாப்பாடு நின்றது. அனுமதியில்லாமல் தொடக்கூடாது. சட்டம் இதைக் கோட்டைகளுக்கும் பழங்கோயில்களுக்கும் பக்கத்தில், தேசத்தின் சொத்தாக உட்காரவைத்தது. அந்த நாளிலிருந்து பாதுகாப்பு பெற்றது ‘இது’ அல்ல, ‘இந்த இனம்’.

யுபாராக் கோயில் ஒரு தனி அதிசயம் என்று நினைத்துவிடக் கூடாது. கொன்ற உயிருக்கு வழிபாடு செய்யும் வழக்கம் ஜப்பான் முழுக்க உண்டு, ‘குயோ’ என்பார்கள். திமிங்கிலம் பிடிக்கும் ஊர்களில் திமிங்கிலத்துக்குக் கல்லறை. விலாங்கு மீன் விற்கிறவர்கள் விலாங்குக்குப் பூசை செய்கிறார்கள். மருந்து ஆய்வகங்களில் செத்த எலிகளுக்கும் முயல்களுக்கும் ஆண்டுதோறும் அஞ்சலி. கோயாசான் மலையின் புகழ்பெற்ற இடுகாட்டில், கறையான் ஒழிப்புத் தொழில் செய்கிறவர்களின் சங்கம் கறையான்களுக்கு நினைவுக்கல் நட்டிருக்கிறது. முதலில் கேட்டால் சிரிப்பு வரும். அடுத்து ஒரு சந்தேகமும் வரும்: கும்பிட்டுவிட்டால் மறுநாள் காலையில் மனச்சுமை இல்லாமல் மருந்து அடிக்கலாம் அல்லவா? சந்தேகம் நியாயமானது. இந்த வழிபாடுகள் ஒரு திமிங்கிலத்தையும் காப்பாற்றவில்லை. ஆனாலும் அவற்றில் ஒரு நேர்மை இருக்கிறது. செத்தது ஒரு உயிர் என்பதையும், கொன்றது நாம் என்பதையும் அவை ஒளிக்கவில்லை.

இனி கியோட்டோ. நகரத்தின் நடுவே ஓடும் காமோ ஆற்றின் மேல்பகுதி மலைக்காட்டில் இருக்கிறது. அங்கேயும் ராட்சச சலமாண்டர்கள் உண்டு. 1972இல் சாப்பாட்டுக்காகச் சீனாவிலிருந்து அங்கத்திய ராட்சச சலமாண்டர்கள் ஜப்பானுக்கு இறக்குமதியாயின. ஜப்பானியச் சலமாண்டருக்குப் பங்காளி இனம், உடல் இன்னும் பெரிது. அவற்றில் சில எப்படியோ ஆற்றுக்குள் வந்து சேர்ந்தன. தப்பியதா, யாராவது விட்டதா என்பதை இன்று யாராலும் நிரூபிக்க முடியாது. கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணுவைச் சோதித்தபோது காமோவில் பிடிபட்டவற்றில் பெரும்பாலானவை கலப்பினம் என்று தெரிந்தது. கலப்பினங்கள் மலடும் அல்ல. உள்ளூர் இனத்தோடு திரும்பத் திரும்பக் கலந்து பெருகுகின்றன.

கண்ணால் பார்த்து இது எது என்று சொல்ல முடியாது என்பதுதான் சங்கடம். ராத்திரி ஆற்றில் இறங்கி, வலையிலோ கையாலோ பிடித்து, நீளம் அளந்து, வால் நுனியில் துணுக்குத் திசு எடுத்து, தோலுக்கடியில் அடையாளச் சில்லு பொருத்தி, சோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளூர் இனம் என்றால் ஆற்றுக்குத் திரும்பலாம். கலப்பினம் என்றால் திரும்ப வழியில்லை. பல ஆண்டுகளாக அப்படிப் பிடிபட்டவை தொட்டிகளில் அடைபட்டுக் கிடந்தன. 2024 ஜூலையில் ஜப்பான் அரசு வெளிநாட்டு ராட்சச சலமாண்டர்களையும் கலப்பினங்களையும் ‘குறிப்பிட்ட அயல் உயிரினங்கள்’ பட்டியலில் சேர்த்தது. அனுமதியில்லாமல் வளர்க்கவோ, இடம் மாற்றவோ, ஆற்றில் விடவோ கூடாது.

ஒரு கலப்பினக் குட்டியின் ஜாதகத்தை எழுதிப் பார்க்கலாம். தாய் ஜப்பானிய இனம் என்றால் அவள் தேசியச் சொத்து, தொட்டால் குற்றம். தந்தை சீன இனம்; அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச ஒப்பந்தத்தில் 1975 முதல் மிகக் கடுமையான பட்டியலில் இருப்பவன். இரண்டு பக்கமும் காக்கப்பட வேண்டியவர்கள். பிள்ளை மட்டும் ஊடுருவல்காரன்.

பிள்ளை செய்த தப்பு என்ன? ஒன்றுமில்லை. பிறந்தது. இங்கேதான் இது சூழலியல் பிரச்சினை என்ற எல்லையைத் தாண்டி, அறத்தின் பிரச்சினையாகிறது. நாம் கடன்பட்டிருப்பது உயிருக்கா, இனத்துக்கா?

பௌத்தத்தைக் கேட்டால் பதில் ஒரு பக்கம்தான் சாயும். கொல்லாமை என்ற முதல் சீலம் உயிரைப் பற்றியது. வலிப்பது உயிருக்கு, வினை சேர்வதும் உயிருக்கு. மறுபிறப்பை ஏற்றுக்கொண்டால் இனம் என்பது வழியில் வரும் சத்திரம்தான். இன்றைக்குச் சலமாண்டராகத் தங்கியிருக்கும் உயிர் நாளைக்கு வேறொன்றாகப் போய்விடும். சத்திரம் இடிந்தால் வழிப்போக்கன் அழ வேண்டியதில்லை. அருகிப்போதல் என்ற செய்திக்குப் பழைய தர்மத்தில் தனி அத்தியாயமே இல்லை. உயிரினங்கள் அடியோடு அழிந்துபோக முடியும் என்பதே 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் விஞ்ஞானத்தில் நிலைபெற்றது. பழைய ஞானிகளை அதற்காகக் குறை சொல்ல முடியாது.

மறுபக்கம் அமெரிக்கச் சூழல் சிந்தனை நிற்கிறது. ஆல்டோ லியோபோல்ட் 1949இல் வெளிவந்த நூலில் அறத்தின் அளவுகோலைத் தனி உயிரிடமிருந்து எடுத்து, நிலமும் நீரும் செடியும் விலங்கும் சேர்ந்த சமூகத்திடம் கொடுத்தார். அவர் வழியில் வந்த ஹோம்ஸ் ரோல்ஸ்டன், ஓர் இனம் என்பது லட்சக்கணக்கான ஆண்டுகளாக ஓடிவரும் வரலாறு என்றும், அதை அறுப்பது சாதாரணக் கொலையைவிடப் பெரிய கொலை என்றும் வாதாடினார். இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்று பயந்தவர் விலங்குரிமைத் தத்துவவாதி டாம் ரீகன். முழுமையின் நன்மைக்காகத் தனி உயிரைப் பலியிடலாம் என்ற சிந்தனையைச் சூழல் பாசிசம் என்றே 1983இல் அவர் சாடினார். காமோவின் கலப்பினச் சலமாண்டர் மூன்று பேரையும் திணறடிக்கும். அதற்கு வலி உண்டு. அதற்கென்று ஓர் இனம் இல்லை. அது ஆற்றில் இருந்தால் ஓர் இனம் கரைந்துபோகும்.

‘கலப்பு’, ‘தூய்மை’ என்றெல்லாம் படிக்கும்போது தமிழ் வாசகருக்கு முகம் சுளிக்கத் தோன்றலாம். சுளிப்பது நல்லதுதான். மனிதர் எல்லோரும் ஒரே இனம். சாதிக்கு இங்கிருந்து சான்று தேடி வருகிறவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. சலமாண்டர் விஷயத்தில் பேச்சு உயர்வு தாழ்வு பற்றியது அல்ல. ஜப்பான் தீவுகளின் ஓடைகளில் மட்டும் தனியாக உருவான ஒன்று, திரும்பப் பிரிக்க முடியாதபடி இன்னொன்றில் கரைந்துவிடுமா என்பதுதான் கேள்வி. காமோவில் அது ஏறக்குறைய நடந்தேவிட்டது.

இரக்கத்தால் விட்டுவிடலாம் என்றால், அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. பிடித்த உயிரை விடுவிப்பது கிழக்காசியப் பௌத்தத்தில் பெரிய புண்ணியம். ஜப்பானின் ஹச்சிமான் கோயில்களில் ‘ஹோஜோயே’ என்ற பெயரில் அது விழாவாகவே நடக்கிறது. 720இல் ஹயாத்தோ மக்களின் கலகத்தை அடக்கியபோது சிந்திய ரத்தத்துக்குப் பரிகாரமாக உசா ஹச்சிமானில் தொடங்கியது என்பது ஐதிகம். மனிதரைக் கொன்ற பாவத்துக்கு மீனையும் பறவையையும் விடுவித்தால் கழியும் என்ற நம்பிக்கை! கணக்கு யார் பெயரில் எழுதப்பட்டதோ, அங்கே கட்டாமல் வேறு இடத்தில் கட்டுகிறார்கள்.

சீனாவில் இதன் அரசாங்க வடிவம் நடந்தது. அங்கே ராட்சச சலமாண்டர் விருந்துப் பண்டமானதால் பண்ணைகளில் லட்சக்கணக்கில் வளர்க்கப்படுகிறது. காட்டில் குறைந்துவிட்டதே என்று பண்ணைக் குட்டிகளைப் பல்லாயிரக்கணக்கில் ஆறுகளில் விட்டார்கள். 2018இல் வெளியான ஆய்வுகள் இரண்டு அதிர்ச்சிகளைத் தந்தன. ஒன்று: நாலாண்டு காலம் 97 இடங்களில் தேடியும் நான்கே இடங்களில் 24 சலமாண்டர்கள்தான் தென்பட்டன, அவையும் பண்ணையிலிருந்து வந்தவையாக இருக்கலாம். இரண்டு: சீன ராட்சச சலமாண்டர் என்று ஒன்று இல்லை, குறைந்தது ஐந்து இனங்கள், வெவ்வேறு ஆற்றுப் படுகைகளில். எந்த ஆற்றுக் குட்டியை எந்த ஆற்றில் விட்டார்கள் என்று பார்க்கவே இல்லை. ஒவ்வொரு விடுவிப்பும் அந்தந்த உயிருக்கு உபகாரம். மொத்தமாகச் சேர்ந்தபோது அது அழிவு. தனி உயிரை மட்டும் கணக்கில் வைக்கும் அறம் சறுக்குகிற இடம் இது.

அதற்காக மறுபக்கம் முழுதாய்ச் சாய்ந்துவிடவும் முடியவில்லை. தொட்டியில் அடைபட்ட கலப்பினத்துக்கு ஆயுள் நீளம். 19ஆம் நூற்றாண்டில் சீபோல்ட் என்ற மருத்துவர் ஜப்பானிலிருந்து ஹாலந்துக்குக் கொண்டுபோன ஒன்று அங்கே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தது. ஐம்பது ஆண்டு அடைபட்டபடியே! கொல்லாமல் விட்டோம் என்ற திருப்தி நமக்கு, சிறை அதற்கு. ஜப்பானிய எழுத்தாளர் இபுசே மசுஜி 1929இல் எழுதிய ‘சலமாண்டர்’ சிறுகதை இதை நினைவுபடுத்தும். பள்ளிப் பாடநூல்கள் வழியாக அங்கே பலரும் படித்த கதை. வளைக்குள் இருந்தபடியே உடம்பு பெருத்து, வாசலில் தலை சிக்கி, வெளியேற முடியாமல் போன ஒரு சலமாண்டர், வயிற்றெரிச்சலில் ஒரு தவளையையும் உள்ளே அடைத்து வைக்கிறது. கடைசியில் சாகப்போகும் தவளை தனக்குக் கோபமில்லை என்கிற தொனியில் பேசும். எண்பது வயதைத் தாண்டிய இபுசே, 1985இல் தன் தொகுப்பில் அந்த முடிவை வெட்டி எறிந்தார். வாசகர்கள் கொதித்துப்போனார்கள். இபுசே செய்தது சரி என்றே படுகிறது. அடைபட்டவன் வாயால் மன்னிப்பை வாங்கிக் கொடுப்பது எழுத்தாளருக்குச் சுலபம். கியோட்டோவின் தொட்டிகளிலிருந்து அப்படி ஒரு குரல் வரப்போவதில்லை.

இந்த வழக்கில் யார் கூண்டில் ஏறவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஜப்பானிய ஓடைகளில் குறுக்கும் நெடுக்குமாகச் சிறு தடுப்பணைகள். முட்டையிட மேல்நோக்கிப் போகும் சலமாண்டர் அந்தச் சிமெண்டுச் சுவரடியில் வந்து நின்றுவிடுகிறது. வெள்ளத்தில் கீழே அடித்துப் போனவை திரும்பி ஏற முடிவதில்லை. கரைகளுக்கும் சிமெண்டுப் பூச்சு. வளை தோண்ட மண் இல்லை. கலப்பினமே இல்லாத ஆறுகளிலும் இனம் குறைவது இதனால்தான். சில இடங்களில் அணைகளுக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், ஏறுகின்றன. சிமெண்டை உடைக்கச் செலவாகும், ஓட்டுப் போகும். கலப்பினத்தைப் பிடிக்க ஒரு வலை போதும்.

அதற்காகக் கலப்பினங்களை ஆற்றிலிருந்து எடுப்பது தப்பு என்று வாதிட முடியாது. எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதைத் தண்டனையாகப் பேசுவதும், சுத்திகரிப்பாகப் பேசுவதும் தப்பு. இறக்குமதி செய்தவர் மனிதர், தின்னக் கேட்டவர் மனிதர், அணை கட்டியவர் மனிதர். விலை கொடுப்பது மட்டும் சலமாண்டர். அந்த விலையை அதன் பெயரில் எழுதி வைக்கிற வழக்கம் யுபாராவில் இருக்கிறது, 2024 ஜூலைப் பட்டியலில் இல்லை. யுபாரா ஊரார் ஹன்சாக்கியைக் கொன்றது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லவில்லை. கொன்றதால் வந்த கடனை மட்டும் மறுக்கவில்லை.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்ப்பது இனத்துக்குமே லாபம் என்பதற்கு 2024இல் ஒரு சான்று கிடைத்தது. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் நிஷிகாவா காந்தோ குழுவினர் ஜப்பானில் இருக்கும் அயல் சலமாண்டர்களின் மரபணுவை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். இடையில் ஆண்ட்ரியாஸ் ஸ்லிகோய் என்ற இனம் அகப்பட்டது. 1920களில் லண்டன் மிருகக்காட்சிசாலையில் வாழ்ந்த ஒரு பிராணியை வைத்துப் பெயரிடப்பட்டு, பிறகு தனி இனமே அல்ல என்று ஒதுக்கப்பட்டு, 2019இல் அருங்காட்சியக மாதிரிகளின் உதவியால் மறுபடி தனி இனமாக ஏற்கப்பட்ட தென்சீனச் சலமாண்டர் அது. சொந்த நாட்டு ஆறுகளில் அது மிச்சமிருக்கிறதா என்பதே சந்தேகம். உயிரோடு இருந்தவை இரண்டு. ஒன்று டோக்கியோவின் சன்ஷைன் நீர்க்காட்சியகத்தில். இன்னொன்று ஹிரோஷிமாவின் ஆசா விலங்கியல் பூங்காவில். ஜப்பானிய ராட்சச சலமாண்டரை முதன்முதலில் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யவைத்த பூங்கா, 1979இல். இரண்டும் ஆண்கள். விந்தணுவை உறையவைத்துச் சேமிக்கலாம் என்ற யோசனை இருக்கிறது. பெண் ஒன்று வேண்டும். அது சீனாவின் ஏதோ ஒரு பண்ணைத் தொட்டியில் இருக்கலாம், ஜப்பானில் இன்னும் சோதிக்காத ஒரு தொட்டியிலும் இருக்கலாம்.